சத்தம் போடும் சேஸிஸ்

என் மனைவியின் தம்பிக்கு ஆடுகிற பொருள் எதையும் பார்க்கப் பொறுக்காது. கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் அவன் பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல், எங்கள் படுக்கையறைக் கதவின் கீலைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். அந்தக் கதவு பல வருடங்களாகக் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. சொல்லப்போனால் உபயோகம்தான். என் மனைவிக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கூடத்தில் டிவி எவ்வளவு அலறினாலும் அந்தக் கிரீச்சு கேட்கும். சரி, இன்றைக்குச் சோற்றை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று தெரிந்துகொள்வேன். அவன் கீலுக்கு எண்ணெய் விட்டு, தேய்ந்த ஆணியை மாற்றி, கதவைத் திறந்து மூடிக் காட்டினான்.

"இப்பப் பாருங்க மாமா, சத்தமே இல்ல."

என் மனைவி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அவனுடைய மனைவி அவனை விட்டுப் போய்விட்டாள். வீடு அவள் பெயரில் இருந்தது, அதனால் இவனும் காலி செய்ய வேண்டி வந்தது. "ரெண்டு வாரம் இருந்துட்டுப் போகட்டுங்க, மனசு சரியில்ல அவனுக்கு" என்றாள் என் மனைவி. நானும் தலையாட்டினேன். தீபாவளி வந்தது, தைப்பூசம் வந்தது, அவன் போகவில்லை. பின்னறையில் அவனுடைய சட்டைகள் கோடு பிடித்தது போல வரிசையாகத் தொங்கின.

கிள்ளான் கடைத்தெருவில் ஒரு நகைக்கடையின் பட்டறையில் அவனுக்கு வேலை. சங்கிலி, வளையல், கம்மல் எல்லாவற்றையும் பற்றவைப்பான். பற்றவைத்த இடம் கண்ணுக்கும் தெரியக்கூடாது, நகத்துக்கும் தட்டுப்படக்கூடாது. நாள் முழுக்க அதையே செய்துவிட்டு வந்து, சாயங்காலம் என் வீட்டைப் பற்றவைக்க ஆரம்பிப்பான். கேட்டின் தாழ்ப்பாள், மின்விசிறியின் இறக்கை, குக்கரின் கைப்பிடி, என் நாற்காலியின் கால் என்று ஒன்றையும் விடவில்லை. அந்த நாற்காலி எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்து அதற்கேற்ப உட்காரப் பழகியவன் நான். அதையும் இறுக்கிவிட்டான். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு நாள் தன் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து, போகும்போது என்னிடம், "உங்க மச்சான் தங்கமானவரு லா அண்ணே" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. அந்தத் தெருவில் அத்தனை காலம் குடியிருக்கிறேன், என்னை யாரும் பித்தளை என்றுகூடச் சொன்னதில்லை.

அவன் கை படாமல் அந்த வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம்தான். சமையலறைக்குப் பின்னால், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் என் மேசை. அதன் மேல் என் ஸ்லாட் கார்.

ஸ்லாட் கார் என்றால் உள்ளங்கையில் அடங்குகிற மின்சாரக் கார். மரத்தில் செய்த பெரிய டிராக்கில் ஓடும். டிராக்கின் பாதையில் ஒரு பள்ளக்கோடு வெட்டியிருக்கும். காரின் மூக்குக்குக் கீழே ஒரு சின்னத் துடுப்பு அந்தக் கோட்டுக்குள் இறங்கி நிற்கும். கோட்டின் இரண்டு பக்கமும் ஓடும் செம்புப் பட்டையிலிருந்து மின்சாரம் வரும். நம் கையில் இருப்பது வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு விசை மட்டும்தான். திருப்பவும் முடியாது, பிரேக் போடவும் தனியாக ஒன்றும் கிடையாது. வளைவில் வேகம் அதிகமானால் கார் கோட்டைவிட்டுப் பறந்துவிடும். ஆகவே எல்லாமே சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில்தான் இருக்கிறது. மேலே இருக்கிற உடம்பு வெறும் வர்ணம் பூசிய பிளாஸ்டிக் தோல்.

என்னுடைய சேஸிஸ் நான் பிறந்த காலத்தது. அறுபதுகளில் யாரோ ஒருவர் கையால் செய்தது. தலைநகரத்துப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய விளையாட்டுச் சாமான் கடையை மூடியபோது, பிஸ்கட் டின்னுக்குள் துருப்பிடித்த திருகாணிகளோடு கிடந்தது. நடுவில் மோட்டாரும் பின்சக்கர அச்சும். அங்கிருந்து மூக்குவரைக்கும் இரண்டு பியானோ கம்பிகள், விறைப்பான மெல்லிய எஃகு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பித்தளைத் தகடு, ஈர்க்குச்சி அளவுக் குழாய்களில் கோத்து, பிடிப்பில்லாமல் தொங்கும். கையில் எடுத்து ஆட்டினால் கிலுகிலு என்று சத்தம் போடும். புதிதாகப் பார்க்கிறவன் உடைந்த வண்டி என்றுதான் நினைப்பான்.

அந்த ஆட்டம்தான் அதன் உயிர். வளைவில் மோட்டார் உதறும், சக்கரம் துள்ளப் பார்க்கும். ஆனால் தகடுகள் அந்த உதறலில் சேராமல், தங்கள் பாரத்தோடு டிராக்கை ஒட்டியே படுத்திருக்கும். துள்ளலை அவை வாங்கிக்கொள்ளும். கம்பிகள் கொஞ்சம் முறுக்கிக்கொடுத்து மறுபடி நிமிரும். வால் மெல்ல வெளியே போகும், நம் விரல் கொஞ்சம் தளர்ந்தால் அதுவாகவே உள்ளே வரும். இன்று கணினியில் வெட்டி வருகிற எஃகு சேஸிஸ்கள் இதைவிட வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவை உங்களிடம் ஒன்றும் சொல்லாமல் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று பறக்கும். என்னுடையது பறப்பதற்கு முன்னால் சொல்லும்.

அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு பழக்கம் உண்டு. காதோரம் வைத்து ஆட்டுவேன். தகட்டின் குழாயில் தூசி சேர்ந்தால் சத்தம் மந்தமாகும். எண்ணெய் அதிகமானாலும் மந்தமாகும். நல்ல நிலையில் இருந்தால் தெளிவாக, காய்ந்த புளியங்கொட்டை உருளுவதைப் போல இருக்கும். வேலைவிட்டு வந்ததும், சாப்பிடும் முன், சாப்பிட்ட பின், எப்போதெல்லாம் கை சும்மா இருக்கிறதோ அப்போதெல்லாம் ஆட்டிக் கேட்பேன். துறைமுகத்தில் ஒரு ஃபார்வர்டிங் ஆபீஸில் நாள் முழுக்க கன்டெய்னர் வரவில்லை என்று திட்டு வாங்கிவிட்டு வருகிறவனுக்கு அது ஒரு ஆறுதல்.

மச்சினன் வந்த புதிதிலேயே அதைப் பார்த்துவிட்டான்.

"மாமா, இது ரெண்டு பக்கமும் லூசா ஆடுதே."

"அது ஆடணும்."

"எதுக்கு?"

"உனக்குச் சொன்னாப் புரியாது. இந்த வீட்டுல எத வேணும்னாலும் இறுக்கிக்க. இந்த மேசைப் பக்கம் மட்டும் கை நீளக்கூடாது."

"சரி மாமா" என்றான். என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே எங்கள் இருவரையும் பார்த்தாள். நான் கேட்டது அது ஒன்றுதான். வீட்டையே கொடுத்துவிட்டேன், அந்த ஒன்றை மட்டும் விட்டுவைக்கச் சொன்னேன்.

எங்கள் கிளப் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை பழைய வண்டிகளுக்கென்று மட்டும் ஒரு பந்தயம் நடக்கும். சேஸிஸ் அந்தக் காலத்தில் செய்ததாக இருக்க வேண்டும். சக்கரத்தையும் மோட்டார் பிரஷ்ஷையும் தவிர எதையும் மாற்றக்கூடாது. போன முறை முதலாவதாக வந்துகொண்டிருந்தேன், கடைசி வளைவில் யாரோ ஒருவனுடைய வண்டி குறுக்கே விழுந்து என்னைக் கெடுத்தது. இந்த முறை விடுவதாக இல்லை. வெள்ளிக்கிழமையே எல்லாம் சரிபார்த்து, உடம்பை மாட்டி, பஞ்சு வைத்த பெட்டிக்குள் படுக்கவைத்து மூடிவிட்டேன். சனிக்கிழமை ஆபீஸில் அரை நாள் என்றார்கள், சாயங்காலம்வரை இழுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபெடரல் ஹைவேயில் லோரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. நான் படியேறியபோது பயிற்சி ஓட்டம் முடிந்துவிட்டது, வண்டிகளை வரிசையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கீழே பூக்கடை வாசலில் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு காதைக் கிழித்தது. பெட்டியைத் திறந்து வண்டியை எடுத்தேன், அவசரத்தில் காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. பாட்டுச் சத்தம் என்று நினைத்துக்கொண்டு டிராக்கில் வைத்துவிட்டேன்.

நேர்ப்பாதையில் நன்றாகத்தான் போனது. முதல் வளைவில் நான் வழக்கமாக விரலைத் தளர்த்துகிற இடத்தில் தளர்த்தினேன். வால் வெளியே போகவில்லை. அதற்குப் பதிலாக வண்டி டடடடவென்று குதித்தது, சிமெண்ட் தரையில் தள்ளிய மேசையைப் போல. எனக்குப் புரியவில்லை. வேகம் குறைத்துக் கடந்தேன். அடுத்த வளைவில் இன்னும் மோசமாகக் குதித்தது. மூன்றாவதில் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் கோட்டைவிட்டுக் கிளம்பி, சுவரில் மோதி, கீழே விழுந்தது. கிளப்பை நடத்துகிற சீனப் பெரியவர் அதை எடுத்துக் கொடுத்து, ஏன் தவளை மாதிரி குதிக்கிறது என்று மலாயில் கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

உடம்பைக் கழற்றிப் பார்த்தேன். தகடுகள் ஆடவில்லை. இரண்டு பக்கமும், குழாய் குழாயாக, பொடி வைத்து ஊதி வெள்ளியால் பற்றவைத்திருந்தது. பழைய ஈயம் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு எல்லா இணைப்பையும் புதிதாகச் செய்து, மோட்டாரை அச்சுப் பிசகாமல் திரும்பப் பூட்டி, பித்தளையை மெருகும் போட்டிருந்தது. பற்றவைத்த இடம் கண்ணுக்கும் தெரியவில்லை, நகத்துக்கும் தட்டுப்படவில்லை. அவ்வளவு அழகான வேலையை என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பற்றவைத்ததை அறுத்துவிடலாம். ஆனால் கம்பியை என்ன செய்வது? பியானோ கம்பி மோதினாலும் நிமிர்ந்துகொள்ளும், அதற்காகத்தான் அதைப் போடுவது. இது மோதிய இடத்தில் வளைந்து அப்படியே நின்றது. விரலால் நிமிர்த்தினால் நிமிர்ந்தது, வளைத்தால் வளைந்தது. ஈயம் வைக்கக் கொஞ்சம் சூடு போதும். வெள்ளி வைக்க நெருப்பில் சிவக்க வேண்டும். அப்படிச் சிவந்தால் கம்பியின் விறைப்பு போய்விடும், திரும்ப வராது. தங்கத்திலேயே கிடக்கிறவனுக்கு அது தெரிய நியாயமில்லை. தங்கத்தைச் சுட்டால் தங்கம்தான்.

திரும்பி வரும் வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் இரண்டு பேரும் சமையலறையில் இருந்தார்கள். அவள் மீன் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள், அவன் ஜன்னல் கொக்கியை இறுக்கிக்கொண்டிருந்தான். சேஸிஸை மேசைமேல் போட்டேன்.

"இத யாருடா தொட்டது?"

அவன் சேஸிஸைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அவள் அடுப்பை அணைத்தாள், கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"நான்தான் மாமா. நேத்து பட்டறைக்கு எடுத்துட்டுப் போயி…"

"சொன்னேனா இல்லையா? இந்த ஒண்ணத் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மாமா. தப்புதான். கேக்காம செஞ்சிட்டேன்."

அவன் எதிர்த்துப் பேசியிருந்தால் ஒருவேளை சண்டை அங்கேயே நின்றிருக்கும். தப்புதான் என்று அவன் பணிந்து சொன்னது எரிகிறதில் எண்ணெய் ஊற்றியது போல இருந்தது.

"ஒன் பொண்டாட்டி ஏன் போனான்னு இப்பத்தான் எனக்குப் புரியுது. நீ ஒண்ணையும் ஆட விட மாட்ட. எல்லாத்தையும் இறுக்கிப் பூட்டிடுவ. அவளையும் அப்படித்தான் பூட்டியிருப்ப. அதான் மூச்சு முட்டி ஓடிட்டா."

 அவன் கையில் இருந்த திருப்புளியை இழுப்பறையில் அதற்குரிய இடத்தில் வைத்து மூடிவிட்டு பின்னறைக்குப் போனான். அந்த வாரமே பண்டமாரானில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது என்னிடம் "வரேன் மாமா" என்றான். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. எனக்குப் பரம திருப்தி. என் வீடு எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மனைவி பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு வந்தது, தேநீர் வந்தது, பேச்சு வரவில்லை. ஞாயிறுதோறும் அடுக்குப் பாத்திரத்தில் குழம்பும் பொரியலும் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பண்டமாரான் போய் வந்தாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் திரும்பி வந்தபோது நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"என்ன, ஒன் தம்பி அங்க யாரு வீட்டக் கழட்டி மாட்டிக்கிட்டு இருக்கான்?"

அவள் பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள்.

"அவன்கிட்ட அதப் பத்தவைக்கச் சொன்னது நான்."

"என்னது?"

"நான்தான் சொன்னேன். அந்தச் சத்தத்த நிறுத்துடான்னு. வேணாங்க்கா, ஆடணும்னு மாமா சொன்னாரு, ஏதாச்சும் காரணம் இருக்கும்னு அவன் சொல்லிப் பாத்தான். நான்தான் கேக்கல. நீங்க ஆபீஸ் போனதும் பெட்டியத் தொறந்து அவன் கையில எடுத்துக் குடுத்ததே நான்தான்."

"அப்ப அவன் அன்னிக்கு ஏன் சொல்லல?"

"என்னத் திட்டுவீங்கன்னுதான்."

"சத்தம் புடிக்கலன்னா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவள் சிரித்தாள். கதவைச் சரிசெய்தவனுக்குச் சிரித்த சிரிப்பு இல்லை.

"சொல்லலையா? நான் எப்ப வாயத் தொறந்தாலும் நீங்க அத எடுத்துக் காதுல வச்சிக்குவீங்க. கிலுகிலுன்னு ஆட்டிக்கிட்டே ம்னு சொல்லுவீங்க. ஆஸ்பத்திரியில டாக்டர் என்ன சொன்னாருன்னு வந்து சொன்னேன். அப்பவும் ஆட்டிக்கிட்டுத்தான் இருந்தீங்க. என்ன சொன்னாருன்னு இப்பச் சொல்லுங்க பாப்போம்."

எனக்குத் தெரியவில்லை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போனதே எனக்கு நினைவில் இல்லை. அவள் பாத்திரத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நியாயப்படி அவன்மேல் இருந்த கோபம் எனக்கு அன்றைக்குத் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, இரண்டு மடங்காகிவிட்டது. யார் கேட்டது அவனை, அக்காவின் பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொள்ளச் சொல்லி? நான் அவன் பெண்டாட்டியை இழுத்துப் பேசியபோதும் வாயை மூடிக்கொண்டு நின்றானே, எவ்வளவு திமிர் இருக்க வேண்டும். இப்போது அந்தத் தெருவுக்கு மட்டுமல்ல, எனக்கும் அவன் தங்கமானவனாகிவிட்டான். அதை என்னால் தாங்க முடியவில்லை. பண்டமாரான் பக்கம் நான் போகவில்லை, போகப்போவதும் இல்லை.

சேஸிஸைச் சரிசெய்தேன். வெள்ளிப் பற்றை மெல்லிய ரம்பத்தால் அறுத்தேன், குழாய்களைத் தேய்த்து விடுவித்தேன், வெந்த கம்பிகளை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி வைத்து ஈயத்தால் பற்றவைத்தேன். என் பற்று புடைத்துக்கொண்டு அசிங்கமாகத்தான் இருக்கிறது. கம்பி மாற்றியதால் கிளப் விதிப்படி இனி அது பழைய வண்டியில்லை, அந்தப் பந்தயத்தில் ஓடாது. பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டேன். சத்தம் திரும்ப வந்தால் போதும்.

வந்தது. ஒரு சாயங்காலம் கடைசித் தகட்டையும் கோத்து முடித்து, துடைத்து, காதோரம் வைத்து ஆட்டினேன். புளியங்கொட்டை உருளுகிற அதே தெளிவு. எனக்குப் பின்னால் அவள் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏதோ சொல்லிக்கொண்டும் இருந்தாள் போல, ரொம்ப நாளைக்குப் பிறகு. இன்னொரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்தேன். கேட்டுவிட வேண்டியதுதான் என்று அப்போதுதான் ஒரு வேகம் வந்தது. திரும்பாமலே, "அந்த டாக்டர் என்னதான் சொன்னாரு?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஆய்ந்ததும் ஆயாததுமாகக் கீரை தட்டில் கிடந்தது, நாற்காலி காலி. கூடத்துக்கு எழுந்து போனேன். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் எப்போது எழுந்தாள், எந்த வார்த்தையில் எழுந்தாள், எவ்வளவு நேரமாக உள்ளே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. கதவு கிரீச்சிடவில்லை. பாவி, அவ்வளவு நன்றாக எண்ணெய் விட்டிருக்கிறான்.